முக்கோணக் கண்ணாடி

அப்பா மதுரையில் அம்பாசிடர் டாக்சி ஓட்டினார். முன்கதவின் பெரிய கண்ணாடிக்கு முன்னால், தூணை ஒட்டி, சின்னதாக ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கும். கொக்கியை விலக்கித் தள்ளினால் சன்னல் கதவு மாதிரி சுழலும். சித்திரை வெயிலில் மேலூர் தாண்டும்போது, "அந்தச் சின்னக் கண்ணாடிய நல்லாத் திருப்பி வுடுடா" என்பார். முழுக்கத் திருப்பினால் வெளியே ஓடுகிற காற்றை அது அள்ளி நெஞ்சில் கொட்டும். சட்டை படபடக்கும். அதற்கு ஒரு சொட்டு டீசல் கூடுதலாகச் செலவானதாக எனக்கு நினைவில்லை.

போன கோடையில் என் சின்ன கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டரிலிருந்து 15க்கு இறங்கியது. நாள் முழுக்க ஏசி. கண்ணாடியை இறக்கி ஓட்டலாமே என்றால், "80க்கு மேல போனா காத்து வண்டியப் பிடிச்சு இழுக்கும், ஏசிதான் லாபம்" என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அப்பா மட்டும் தலையை ஆட்டினார். "சின்னக் கண்ணாடிய எடுத்தாங்கள்ல, அங்க வந்துச்சு வினை" என்றார். அதை யார் வைத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

வெயில் ஊர் ஒன்றில்தான் அது பிறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். தடம் போய் நின்றது பனி கொட்டும் டெட்ராய்ட்டில். ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கார்க் கூடு கட்டிக்கொடுத்த ஃபிஷர் பாடி நிறுவனம், 1933 மாடல் கார்களில் இதைக் கொண்டுவந்தது. வைத்த பெயர் ‘நோ டிராஃப்ட் வென்டிலேஷன்’. குளிர்காற்று முகத்தில் அடிக்காமல் காற்றோட்டம் தரும் ஏற்பாடு என்று பொருள். 1920களில் அமெரிக்காவில் திறந்த கார்கள் போய், கூரையும் கண்ணாடியும் அடைத்த கார்கள் பெருகின. 1924இல் விற்ற கார்களில் 43 சதவீதம் மூடிய கார்கள், 1927இல் 85 சதவீதம். அடைத்த பெட்டிக்குள் நாலு பேர் மூச்சுவிட்டால் கண்ணாடியில் ஆவி படியும். சுருட்டுப் புகை தங்கும். கதவுக் கண்ணாடியை இறக்கினாலோ பின்சீட்டுக்காரருக்குக் குளிர் தாங்காது. அந்தச் சிக்கலுக்குத்தான் இந்த முக்கோணம். இலேசாகத் திறந்தால், அதன் பின்விளிம்பை உரசி ஓடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கும். உள்ளே இருக்கிற புகையும் ஈரமும் தாமாகவே வெளியே உறிஞ்சப்படும்.

ஆக, அது குளிருக்குச் செய்த கண்ணாடி. முழுக்கத் திருப்பினால் அதே கண்ணாடி முறம்போல் காற்றை உள்ளே வாரும். அப்பாவுக்கும் அவரைப் போன்ற ஆயிரம் ஓட்டுநர்களுக்கும் தேவைப்பட்டது இந்தப் பக்கம்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான அம்பாசிடரிலும், ஃபியட் 1100இன் வாரிசான பத்மினியிலும் அது நம் சாலைகளுக்கு வந்து சேர்ந்தது.

ஏசியின் பிறப்பையும் பார்த்துவிட்டேன். பேக்கார்ட் நிறுவனம் 1940 மாடலில் அதை விற்றது. விலை 274 டாலர். குளிர்விக்கும் பாகம் டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். ஏசி எதைத் தின்று குளிர்கிறது என்பதை அந்த பெல்ட் ஒளிக்காமல் காட்டியது. இன்றைய பெட்ரோல், டீசல் காரிலும் நிலைமை அதேதான், பொத்தானுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

முக்கோணத்தை ஏசி விரட்டியது என்றுதான் நினைத்தேன். முதலில் விரட்டியது வேறொன்று. 1964 அக்டோபரில் ஃபோர்ட் கார்ட்டினாவில் ‘ஏரோஃப்ளோ’ வந்தது. டேஷ்போர்டின் இரு பக்கமும் வட்டமான காற்றுத் துளைகள், பின்தூணில் காற்று வெளியேற வழி. கண்ணாடியை ஏற்றிவைத்தாலும் காற்று முன்னால் நுழைந்து பின்னால் போகும். நுழைவழியை விட எனக்கு அந்த வெளிவழிதான் பெரிய யோசனையாகப் படுகிறது. வெளியேற இடமில்லாத பெட்டிக்குள் புதுக்காற்று எப்படி நுழையும்? அதன் பிறகு முக்கோணத்தின் குறைகளே பெரிதாகத் தெரிந்தன: சீட்டியடிக்கும், மழையில் ஒழுகும், திருடன் ஒரு கம்பியால் நெம்பிவிடுவான். ஒவ்வொரு நிறுவனமாக விட்டுவிட்டது.

மிச்சமிருந்தது அந்த 80 கணக்கு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கிடைத்தது. 2009 ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் ஒன்று, அதே வருட டொயோட்டா கொரோலா ஒன்று. மணிக்கு 64 முதல் 113 கிலோமீட்டர் வரை, இரண்டிலுமே கண்ணாடியை இறக்கி ஓட்டியதைவிட ஏசி போட்டதில்தான் எரிபொருள் அதிகம் போயிருக்கிறது. கொரோலாவில் இரண்டும் சமமானது 121இல். 129இல்தான் கண்ணாடி இறக்கியது அதிகம் குடித்தது. எக்ஸ்ப்ளோரரில் அப்போதும் ஏசியே அதிகம். கம்ப்ரசர் ஓயாமல் முழு மூச்சில் ஓடிய கணக்கு இது என்பதையும் சொல்ல வேண்டும். மிதமான குளிரில் அது விட்டுவிட்டு ஓடும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும் என்பதும் மெய்தான். ஆனால் மதுரை–திருச்சி சாலையில் 80, 85இல் போகிற எனக்கு, அந்தப் பாட்டைப் பாடியவர்கள் பயந்த அளவு பயம் தேவையில்லை.

இப்போது வெயிலில் நின்ற வண்டியை எடுத்தால், நாலு கண்ணாடியையும் இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டி, வெந்த காற்றைத் துரத்திய பிறகே ஏசி. காலையிலும் மாலையிலும் அது இல்லாமலே போகிறேன்.

போன மாதம் அப்பாவை ஏற்றிக்கொண்டு அதே சாலையில் போனேன். மேலூர் தாண்டியதும் ஏசியை நிறுத்தி என் பக்கத்துக் கண்ணாடியை ஒரு சாண் இறக்கினேன். காற்று காதில் இரைந்ததே தவிர மேலில் படவில்லை. அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பின்னாடி அந்தாண்ட கண்ணாடியையும் கொஞ்சம் இறக்குடா. வந்த காத்து வெளிய போக வழி வேணாமா?"

இறக்கினேன். அவர் சட்டை படபடத்தது.