சிறுத்தை நடக்கும் நேரம்

காட்டுச் சிங்கத்தைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் கிர் காட்டுக்கோ ஆப்பிரிக்காவுக்கோதான் போகவேண்டும். இலங்கையில் சிங்கம் கொடியில் மட்டும்தான் இருக்கிறது. குருவிட்டையில் கிடைத்த புதைபடிவப் பற்களை வைத்து, ஒரு காலத்தில் இங்கும் சிங்கம் வாழ்ந்தது என்று 1939இல் தொல்லுயிரியலாளர் பி.இ.பி. தெரணியகல எழுதினார். அது எப்போதோ அற்றுப்போயிற்று. வேங்கையும் இங்கே இல்லை. ஆகவே இந்தத் தீவின் காடுகளில் சிறுத்தைக்கு மேல் வேறு வேட்டை விலங்கு கிடையாது. அதைத் தேடித்தான் ஹட்டனில் ரயிலை விட்டிறங்கி மஸ்கெலியா பஸ் ஏறினேன்.

யால தேசியப் பூங்காவில் சிறுத்தை பாறையில் படுத்திருக்கும். ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும். மலைநாட்டுச் சிறுத்தை அப்படி முகம் காட்டாது. சிவனொளிபாதமலைக் காட்டிலிருந்து இறங்கி, ஓடைக்கரையில் மிஞ்சிய காட்டுத் துண்டுகளைப் பற்றிக்கொண்டு, இரவில் தேயிலைக்கு ஊடாக அடுத்த மலைக்குப் போய்விடும். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்கு மேலே பனி விலகக் காத்திருந்த காலைகளில் நான் கண்டதெல்லாம் ஈரமண்ணில் பதிந்த காலடிகள்தான்.

இங்கே படமெடுப்பது ஆளில்லாத கமரா. ஒற்றையடிப் பாதையின் இரு பக்கமும், முழங்கால் உயரத்தில், ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு பெட்டிகளைக் கட்டுவார்கள். சூடான உடல் குறுக்கே நகர்ந்தால் கமரா தானே இயங்கும். இரண்டு கமரா எதற்கென்றால், சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் வேறுவேறு. நம் விரல்ரேகைபோல அவற்றை வைத்துத்தான் இது எந்தச் சிறுத்தை என்று சொல்லமுடியும். சிறுத்தை ஆய்வாளர்களான அஞ்சலி வாட்சனும் அன்ட்ரூ கிட்டிலும் இந்த மலைகளில் சிறுத்தைகளை அப்படித்தான் அடையாளம் கண்டு வருகிறார்கள்.

ஆனால் கமராவை எந்த மரத்தில் கட்டுவது? கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். "பீலிக்கரைக்கு மேல, கவ்வாத்து வெட்டுன மலைக்கு ஓரமா போகும் தம்பி. நாய் கொலைக்கிறதுலயே தெரிஞ்சிரும்" என்றார், படங்கைக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா. தேயிலைச் செடிக்கு அடியில் குட்டிகளைக் கண்டால் கூடையோடு பின்வாங்கி அந்தப் பக்கத்தையே விட்டுவிடுவார்களாம். குட்டியைத் தூக்கிக் கைபேசியில் படமெடுப்பவர்களைவிட அந்தப் பெண்களுக்குத்தான் சிறுத்தையைத் தெரியும்.

இந்தப் பக்கத்துச் சிறுத்தைப் படங்களில் ஊரெல்லாம் பார்த்தது வேறு. 2019இல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கமராவில் மலைநாட்டுக் கருஞ்சிறுத்தை ஒன்று உயிரோடு பதிவானபோது பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பக்கத்து மரக்கறித் தோட்டமொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது. மயக்க ஊசி போட்டு மீட்டு, சிகிச்சைக்காக உடவலவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் செத்துவிட்டது. கம்பி இறுகிய அந்த உடலின் படத்தை நான் இன்றுவரை முழுதாகப் பார்க்கவில்லை, பார்க்க மனம் வரவில்லை.

அந்தச் சுருக்குகள் சிறுத்தைக்காக வைக்கப்படுபவை அல்ல. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் கிழங்கும் லீக்ஸும் போட்டு, நாட்சம்பளம் போதாத குறையை ஈடுகட்டும் குடும்பங்கள் காட்டுப்பன்றிக்குப் பயந்தும், சிலர் இறைச்சிக்காகவும் வைப்பவை. பன்றி நடக்கும் தடத்தில்தான் சிறுத்தையும் நடக்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதால் மட்டும் கம்பி குறையாது. பன்றி புகாத வேலியைத் தோட்ட நிர்வாகமோ அரசோ போட்டுக்கொடுக்க வேண்டும். சிறுத்தையைப் படமெடுத்துப் பேர் வாங்குகிற நாங்களும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

படங்கு கட்டிய அக்கா சொன்ன இடத்தில் வைத்த கமராவில் விழுந்த படங்களை அவரிடமே காட்டினேன். புள்ளிகளை அவர் பார்க்கவே இல்லை. "படத்துல மணி விழுமா தம்பி?" என்றார். விழும். பீலிக்கரைப் பாதையில் சிறுத்தை பெரும்பாலும் இரவு ஏழுக்குப் பிறகுதான் நடந்திருந்தது. ஒரு படத்தில் மட்டும் விடியற்காலை ஐந்தே முக்கால். அவர் மகள் ட்யூஷன் முடிந்து திரும்பும் பாதை அது. நேரங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச்சொன்னார். வகுப்பை ஆறு மணிக்குள் முடிக்கும்படி மாஸ்டரிடம் கேட்கப்போகிறாராம். மற்ற லயங்களுக்கும் காட்டவேண்டும், எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள் என்றார்.