கழித்த உலோகம்

ஜாகுவார் ஈ-டைப் காரின் முன்பாதி முழுவதும் ஒரே பானெட்தான். விளக்கு, மட்கார்டு எல்லாம் அதோடு ஒட்டியே இருக்கும். அது முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும்போது பளபளக்கும் இரண்டு கேம் உறைகளும் மூன்று எஸ்.யூ. கார்புரேட்டர்களுமாக எஞ்சின் மொத்தமும் வெளிச்சத்துக்கு வரும். இந்த அழகுக்காகவே வண்டியை வாங்குகிறவர்கள் உண்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரி வட்டாரத்தில் நான் போய்ப் பார்த்த சிறு பட்டறையில் யாரும் அந்த அழகை நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. எஞ்சின் கழற்றப்பட்டு மேடையில் நின்றது. கம்பிச் சக்கரங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. இரண்டு பேர் குனிந்து அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பானரைப் பிடித்த நேரத்தைவிட மைக்ரோமீட்டரைப் பிடித்த நேரம் அங்கே அதிகம். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினையும் சக்கரத்தையும் புதுப்பிக்கிறவரின் திறமையை, அவர் எவ்வளவு உலோகத்தைத் தொடாமல் விட்டார் என்பதை வைத்தே எடைபோட வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் சான்று இதுதான்.

இந்த எஞ்சினின் பெயர் எக்ஸ்.கே. இரண்டாம் உலகப் போரில் கவென்ட்ரி குண்டுவீச்சுக்கு உள்ளானபோது, ஆலையின் கூரையில் தீக்காவல் இருந்த இரவுகளில் ஜாகுவாரின் நிறுவனர் வில்லியம் லயன்ஸும் வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகிய பொறியாளர்களும் பேசிப்பேசி உருவாக்கியது அது. 1948-இல் எக்ஸ்.கே. 120 காரில் 3.4 லிட்டராக வெளிவந்தது. 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஈ-டைப் வந்தபோது 3.8 லிட்டராக வளர்ந்திருந்தது. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஏழு மெயின் பேரிங். கடைசி எக்ஸ்.கே. 1992-இல்தான் ஒரு டெய்ம்லர் லிமோசினுக்குள் போனது. இத்தனை நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம், இதை வடிவமைத்தவர்கள் தேய்மானத்தையும் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பது. சிலிண்டரின் உள்விட்டம் 87 மில்லிமீட்டர். தேய்ந்தால் போரிங் செய்து பெரிதாக்கலாம். அதற்கேற்ற பெரிய பிஸ்டன்கள் 10, 20, 30 ‘தவ்’ என்ற படிகளில் கிடைக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தவ். கிராங்க் ஷாஃப்டுக்கு இதே கணக்கு தலைகீழாக: கிரைண்டிங் செய்து 10 தவ் சிறிதாக்கினால் அதற்கேற்பத் தடித்த பேரிங் போடலாம், பிறகு 20, பிறகு 30. இது வங்கியில் போட்டுவைத்த முதல் மாதிரி. ஒவ்வொரு முறை லேத்துக்குப் போகும்போதும் கொஞ்சம் எடுக்கிறோம். திரும்பப் போட வழியில்லை. ஈ-டைப் உற்பத்தி 1974-இல் நின்றுவிட்டது. இன்று பட்டறைக்கு வரும் எஞ்சின்களில் பல, இந்த முதலில் ஒரு பகுதியை முந்தைய கைகள் செலவழித்துவிட்ட பிறகே வருகின்றன.

அதனால்தான் முதல் வேலை சிலிண்டரை அளப்பது. தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மேல் ரிங் போய் நின்று திரும்பும் இடத்தில்தான் அதிகம், ஏனென்றால் அங்கே சூடும் அழுத்தமும் கூடுதல், எண்ணெய் குறைவு. கீழே போகப்போக சுவர் கிட்டத்தட்ட ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும். ஆகவே மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களிலும், ஒவ்வொரு உயரத்திலும் குறுக்காகவும் நெடுக்காகவும் அளக்கிறார்கள். ஆறு சிலிண்டருக்கு முப்பத்தாறு அளவுகள். ஒரு தாளில் எழுதிய அந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவு: போரிங் வேண்டுமா, அல்லது ஹோனிங் கல்லை ஓட்டிக் குறுக்குக் கோடுகள் மட்டும் போட்டு, எண்ணெய் தங்க வழிசெய்து, புது ரிங் மாட்டினால் போதுமா? வடிவமைப்பு அனுமதிக்கும் எல்லைக்குள் எண்கள் இருந்தால் போரிங் மெஷினைத் தொட வேண்டியதில்லை. இன்னொரு விஷயம், 3.8 பிளாக்கில் ஆலையிலேயே லைனர் இறக்கியிருந்தார்கள். எல்லை தாண்டித் தேய்ந்தாலும் பழைய லைனரை எடுத்துப் புதியது இறக்கி, மறுபடி 87 மில்லிமீட்டரிலிருந்தே தொடங்கலாம். கிராங்குக்கும் ஹெட்டுக்கும் அப்படிப்பட்ட சலுகை இல்லை.

ஹெட் விஷயத்தில்தான் அவசரம் அதிக நஷ்டம் விளைவிக்கிறது. அலுமினிய ஹெட் சூடேறினால் வளையும். வளைந்த அடிப்பரப்பை மில்லிங் மெஷினில் வைத்துச் சீவித் தட்டையாக்குவது ஒரு மணி நேர வேலை; கேஸ்கெட் ஒழுகாது, வாடிக்கையாளருக்கும் திருப்தி. ஆனால் வளைந்தது அடிப்பரப்பு மட்டும் இல்லையே. மேலே இரண்டு கேம் ஷாஃப்டுகள் உட்காரும் பேரிங் வரிசையும் அதோடு சேர்ந்து வளைந்திருக்கும். அடியைச் சீவினால் மேலே உள்ள கோணல் அப்படியே நிற்கும், கேம் இறுகிச் சுற்றும். போதாததற்கு ஹெட் கீழிறங்கியதால் டைமிங் செயினில் தளர்ச்சி, வால்வு திறக்கும் நேரத்தில் மாற்றம். தெரிந்தவர்கள் ஹெட்டைக் கனத்த இரும்புத் தட்டில் வைத்து, வளைவுக்கு எதிர்ப்புறம் ஷிம் கொடுத்து, போல்ட்டால் இறுக்கி, சூடேற்றி, மெல்ல ஆறவிட்டு நிமிர்த்துகிறார்கள். கடைசியில் பெயருக்கு ஒரு சீவல். நேரம் பல மடங்கு, எடுத்த உலோகம் மிகச் சொற்பம். வால்வு இடைவெளி சரிசெய்வதிலும் இதே பொறுமைதான். டாப்பெட்டுக்கு அடியில் உட்காரும் சிறு வட்டு ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். ‘ஏ’ என்றால் 85 தவ் கனம், அங்கிருந்து எழுத்துக்கு ஒரு தவ் கூடி ‘இசட்’ வரும்போது 110. வட்டை மாற்ற ஒவ்வொரு முறையும் கேம் ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டும். அதனால் பன்னிரண்டு வால்வையும் ஒரே மூச்சில் அளந்து, இன்லெட்டுக்கு 4 தவ், எக்ஸாஸ்டுக்கு 6 தவ் என்று கணக்குப் போட்டு, எந்த இடத்துக்கு எந்த எழுத்து என்று அட்டவணை எழுதிக்கொள்கிறார்கள். நம் ஊர் பொற்கொல்லர் குன்றிமணி எடை பார்ப்பதை நினைவூட்டும் வேலை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அது தொழிலுக்குள்ளிருந்தே வருகிறது. எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கி ஏற்றும் கூலியே பெருந்தொகை. கழற்றியது கழற்றியாயிற்று, எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே. பாதி வேலை செய்து அடுத்த வருடம் மறுபடி இறக்கினால் யாருக்கு லாபம்? நியாயமான கேள்வி. ஆனால் அது இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கலக்கிறது. பேரிங், செயின், ஆயில் சீல், ஹோஸ், ரிங் இவையெல்லாம் தேய்வதற்காகவே செய்தவை. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். பெட்ரோல் ஹோஸ் விஷயத்தில் வேறு வழியே இல்லை. 2021 செப்டம்பரில் பிரிட்டனில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்துக்கு வந்த பிறகு, பழைய ரப்பர் தாக்குப்பிடிக்காது. பிளாக், கிராங்க், ஹெட் ஆகிய மூன்றும் தாய் உலோகம். கூலி செலவாயிற்றே என்பதற்காக அவற்றைச் சீவுவது, கல்யாணத்துக்கு வந்தாயிற்றே என்று காதுகுத்தையும் சேர்த்து முடிப்பது போல. மேலும், எல்லாவற்றையும் மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர் விட்டுவிடும் வேலைதான் பல நேரம் எஞ்சினைக் கொல்கிறது. கிராங்கின் உள்ளே எண்ணெய் ஓடும் துளைகளின் முனையில் திருகு அடைப்புகள் இருக்கின்றன. கிராங்க் சுழலும் வேகத்தில் எண்ணெயில் உள்ள கசடு அங்கே ஒதுங்கி, வருடக்கணக்கில் மெழுகுபோல இறுகிவிடும். அடைப்பைத் திறந்து சுத்தம் செய்யாமல் புதுப் பேரிங் போட்டால், அந்தக் கசடு கிளம்பி வந்து அதைத் தின்றுவிடும். பிளாக்கின் தண்ணீர்ப் பாதையில், முக்கியமாகப் பின்பக்கம், துருச்சேறு படிந்திருக்கும். கம்பியை விட்டுக் கிளறித்தான் எடுக்க வேண்டும். அழுக்கை எடுப்பதில் தாராளம், உலோகத்தை எடுப்பதில் கஞ்சத்தனம் என்பது இவர்கள் முறை.

இன்னொரு மறுப்பு என் கணக்கையே ஆட்டிப்பார்க்கிறது. ஜாகுவாரின் பழங்கார்ப் பிரிவு 2019-இல் 3.8 பிளாக்கைப் புதிதாக வார்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலோகம் தீர்ந்தால் புதியது வாங்கிக்கொள்ளலாம் என்றால் இவ்வளவு சிக்கனம் எதற்கு? பிளாக்கைப் பொறுத்தவரை என் வாதம் கொஞ்சம் பலவீனப்படுவதை ஒப்புக்கொள்கிறேன். வெடித்த பிளாக்கோடு மூலையில் கிடக்கும் வண்டிக்கு அது மறுவாழ்வு. ஆனால் விலை ஆயிரக்கணக்கான பவுண்டு. அதோடு, இந்தக் கார்களின் மதிப்பில் பெரும்பங்கு, பிளாக்கில் பொறித்த எண்ணும் ஆலைப் பதிவேட்டு எண்ணும் ஒத்துப்போவதில் இருக்கிறது. பழங்கார்களுக்கான உலகக் கூட்டமைப்பான ‘ஃபீவா’ 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும் மூலப் பொருளைக் காப்பதையே முதலில் வைக்கிறது. சந்தை விலையும் சாசனமும் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம், இங்கே சாய்கின்றன.

சக்கரத்துக்கு வந்தால் இந்தச் சிக்கனம் அப்படியே செல்லாது. ஈ-டைப்பின் கம்பிச் சக்கரத்தில் 72 ஸ்போக்குகள். அதன் நடுவில் உள்ள பற்கள் ஹப்பின் மேலுள்ள பற்களோடு கோத்து நிற்க, நடுவே ஒரே ஒரு பெரிய நட்டு. எஞ்சினின் இழுவிசையும் பிரேக்கின் பிடியும் இந்தப் பற்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகின்றன. தேயாத பல்லுக்குத் தட்டையான தலை இருக்கும், தேய்ந்ததற்குக் கத்திமுனை. பிரேக்கை மிதித்து விட்டு மறுபடி கிளப்பும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இங்கே 10 தவ், 20 தவ் என்று படிகள் கிடையாது; பல்லுக்குச் சேமிப்பே இல்லை. தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரம் மாட்டினால் ஹப் சீக்கிரமே அதையும் தின்னும். ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். உலோகத்தைக் காக்கும் பேச்சு உயிரைப் பணயம் வைப்பதாகாதா என்று கேட்பவருக்கு என் பதில் இதுதான்: எஞ்சினை விட்டுவைக்கச் சொன்ன அதே அளவுகோல்தான் சக்கரத்தைத் தூக்கிப் போடவும் சொல்கிறது.

பற்கள் நன்றாக இருந்தால் மிச்சம் எல்லாம் ஸ்போக் வேலை. நம் சைக்கிள் கடைகளில் கோட்டம் எடுப்பது என்போமே, அதே கலை, கனம்தான் வேறு. வண்டியின் எடை கீழ் ஸ்போக்குகளின் மேல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் எல்லா ஸ்போக்குகளும் முன்கூட்டியே இழுத்துக் கட்டியவை, கீழே உள்ளவற்றில் அந்த இழுவை கொஞ்சம் தளர்வதால்தான் சுமை தாங்கப்படுகிறது. ஒன்று தளர்ந்தே கிடந்தால் பக்கத்தில் உள்ளவை அதன் பங்கையும் சுமந்து ஒருநாள் அறுந்துபோகும். ஒவ்வொன்றாகத் தட்டி ஒலி கேட்கிறார்கள்: இறுகியது கணீரென்கிறது, தளர்ந்தது மொத்தென்கிறது. பிறகு டயல் கேஜை ரிம்மில் வைத்துச் சுழற்றி, பக்கவாட்டு ஆட்டம், ஏற்ற இறக்கம் இரண்டையும் நிப்பிளைத் திருகித் திருகிக் குறைக்கிறார்கள். ஒரு நிப்பிளைத் திருகினால் எதிர்ப்புறம் பதில் சொல்லும். பெயின்ட் கூட இங்கே அளவோடுதான். பற்களிலும் நட்டு அமரும் கூம்புப் பரப்பிலும் கனமாகப் பூச்சு ஏறினால், அது நசுங்கித் தேயும்போது நட்டு தளர்ந்துவிடும். அந்த நட்டில் ஒரு நுட்பம் உண்டு. காரின் இடப்பக்கத்தில் வலது மரை, வலப்பக்கத்தில் இடது மரை. வண்டி முன்னோக்கி ஓட ஓட நட்டு தானாகவே இறுகும் பக்கமாக ஏற்பாடு. பக்கம் மாற்றி மாட்டினால் ஓட ஓடக் கழலும். காதுகள் வைத்த பழைய நட்டைச் செம்புச் சுத்தியலால் அடித்து இறுக்குவார்கள். 1968 முதல் அமெரிக்கா, பாதசாரிகளைக் கிழிக்கும் என்று காதுகளைத் தடைசெய்தது. அதன்பின் காதில்லா நட்டு வந்தது, அழகு கொஞ்சம் போயிற்று. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

பணக்காரர்களின் பொம்மைக்கு இவ்வளவு கவலையா என்று கேட்கலாம். கார் பொம்மைதான், மறுக்கவில்லை. அதில் புழங்கும் கை பொம்மை அல்ல. கவலை தர வேண்டியது வேறொன்று: இந்தத் தொழிலில் மணிக்கணக்கில்தான் கூலி, அளந்து பார்த்துவிட்டு ‘தொட வேண்டாம்’ என்று சொன்ன மணிகள் பில்லில் எடுபடுவதில்லை. போரிங் செய்தால் பளபளக்கும் சிலிண்டரைக் காட்டலாம். செய்யாமல் விட்டதை எதைக் கொண்டு காட்டுவது? இளையவர்கள் இதைக் கற்க ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் பழைய விமானத் தளமான பிஸ்டரில் பயிற்சிக் கூடம் நடக்கிறது. அளவுகோல் பிடிக்க அங்கே சொல்லிக்கொடுத்துவிடலாம். அளந்தபின் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் துணிவு, அதற்கும் பணம் தரும் வாடிக்கையாளர் இருந்தால்தான் நிலைக்கும்.

கிராங்க் கிரைண்டிங் செய்பவர்கள், எவ்வளவு எடுத்தோம் என்று அடுத்து வருபவருக்குத் தெரிய, அதன் பக்கவாட்டில் எண்ணைப் பொறித்துவிடுவார்கள். நான் பார்த்த கிராங்கில் ‘10’ என்று ஏற்கெனவே இருந்தது. யாரோ, எப்போதோ பொறித்தது. பேரிங்கில் சுழலும் பகுதிகளான ஜர்னல்களை அளந்து, வட்டம் கெடவில்லை என்று உறுதிசெய்து, மெருகு மட்டும் ஏற்றி, அதே 10 தவ் பேரிங்கைப் புதிதாக வாங்கி வைத்திருந்தார்கள். அந்தப் ‘10’-க்குப் பக்கத்தில் புதிதாக எந்த எண்ணும் இல்லை.