பெயரும் தலைப்பெழுத்தும்

கல்லூரிக் கட்டுரையின் இறுதியில் வரும் துணைநூற் பட்டியலை நம் பிள்ளைகள் வெறும் சடங்காகவே கருதுகின்றனர். காற்புள்ளி தவறினாலும் மதிப்பெண் குறையும் என்ற அச்சத்தால் அதனைக் கசப்பு மருந்துபோல் விழுங்குகின்றனர். ஆயினும், தலைநகரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அப்பட்டியலில் பிறர்க்கில்லாத சிக்கல் ஒன்று உண்டு. அது நம் பெயரைப் பற்றியது.

முதுகலை பயிலும் என் மகள் சென்ற மாதம் அத்தகைய பட்டியல் ஒன்றைத் தயாரித்தாள். அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த முறையைப் பின்பற்றவேண்டும் என்பது கல்லூரியின் கட்டளை. முதலில் ஆசிரியரின் குடும்பப் பெயர், அடுத்து இயற்பெயரின் தலைப்பெழுத்து, அடைப்புக்குறிக்குள் ஆண்டு, சாய்வெழுத்தில் நூற்பெயர், பின்னர்ப் பதிப்பகம், அனைத்தும் அகரவரிசையில். 2019-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு, பதிப்பகத்தின் ஊரைக் குறிக்கவேண்டியதில்லை என்று சுமையைச் சற்றே குறைத்தது. தமிழ் நூலாயின் அதன் பெயரை ரோமன் எழுத்தில் எழுதி, சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருளையும் தரவேண்டும். இவையெல்லாம் பழகினால் எளியவையே.

குடும்பப் பெயர் என்ற இடத்தில்தான் அவள் பேனா நின்றது. “அப்பா, நமக்குக் குடும்பப் பெயர் ஏது?” என்றாள். அடுத்த வீட்டு வங்காளியருக்கோ பஞ்சாபியருக்கோ பெரும்பாலும் எழாத கேள்வி! நம்மில் பலர் எழுதுவது தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் தம் பெயருமே; சிலர் ஊரின் எழுத்தையும் சேர்ப்பர். நூலக இயல் மேதை எஸ். ஆர். ரங்கநாதனைப் பாருங்கள். ‘எஸ்’ என்பது ஆங்கிலத்தில் ஷியாளி எனப்பட்ட சீர்காழி. ‘ஆர்’ தந்தையார் இராமாமிருதம். ரங்கநாதன் என்பதே அவர் பெயர். பட்டியலில் ‘ரங்கநாதன், எஸ். ஆர்.’ என்று வருகிறார், குழப்பமில்லை. சொந்தப் பெயர் இறுதியில் நிற்கும்வரை நமக்கு இடையூறில்லை.

இடையூறு தொடங்குவது பாஸ்போர்ட் விண்ணப்பத்தில். குடும்பப் பெயருக்குரிய கட்டத்தை நிரப்பவேண்டிப் பல வீடுகளில் பிள்ளையின் பெயருக்குப் பின் தந்தையின் பெயரை எழுதிவிடுகின்றனர். பின்னாளில் அப்பெண் ஆய்வுக் கட்டுரை எழுதினால், இறுதிச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொள்ளும் கணினி மென்பொருள் அதனைத் தந்தையின் பெயரில் ஏற்றிவிடுகிறது. எழுதாத தந்தைக்கு ஆசிரியர் பட்டம். உழைத்த மகளுக்கோ ஒற்றை எழுத்து!

பெண்களுக்கு மற்றுமோர் இன்னல் உண்டு. மகளின் பட்டியலிலேயே தமிழ்ப் பேராசிரியை ஒருவர் இருவேறு தலைப்பெழுத்துகளுடன் காணப்பட்டார். “இவர் ஒருவரா, இருவரா?” என்று திகைத்தாள். முன்னுரைகளைப் படித்த பின்னரே, முதல் நூல் தந்தையின் எழுத்தோடும் அடுத்த நூல் கணவரின் எழுத்தோடும் வெளிவந்தமை விளங்கிற்று. முன்னுரையைப் புரட்டாதவர் அவ்வம்மையாரின் பாதி உழைப்பை வேறொருவருடையதென்றே எண்ணியிருப்பார்.

ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கவேண்டும் என்பது. துணைநூற் பட்டியலின் நோக்கமும் அதுவே. இந்நூலை யார் எழுதினார், எங்கே தேடலாம் என்று காட்டுவதற்கே இத்தனை புள்ளிகளும் அடைப்புகளும். யாரிடம் கடன்பட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளும் நன்றியுரையும் அதுவே. அதில் பெயர் பிழையாயின் வழியும் பிழை, நன்றியும் பிழை.

ஆதலின் அன்பர்களுக்கு ஒன்று கூறுவேன். பிள்ளைகள் பள்ளியிறுதித் தேர்வு எழுதும் முன்பே பெயரை எவ்வடிவில் எழுதுவதென்று வீட்டில் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் அவ்வடிவே இருக்கட்டும். எழுதும் பெண்கள் மணத்திற்குப் பின்னும் நூல்களில் பழைய பெயரையே தொடர்வது நலம். 2012 முதல் ஆய்வாளர்களுக்கு ‘ஆர்க்கிட்’ என்னும் பதினாறு இலக்க அடையாள எண் இலவசமாக வழங்கப்படுகிறது. பெயர் மாறினும் எண் மாறாது. பிற தமிழறிஞரைக் குறிக்கும்போதோ, மென்பொருளை நம்பியிராமல், சொந்தப் பெயர் எதுவென்று அறிந்து அதனையே முதலில் இடச் சொல்லுங்கள்.

என் மகள் தன் முதற் கட்டுரையை, என் எழுத்து முன்னே நிற்க, தன் பெயர் முழுமையாய்ப் பின்னே வர, அனுப்பியிருக்கிறாள். எனக்கு அந்த ஓர் எழுத்தே போதும்.