செடிகளுக்குச் சூட்டிய பெயர்கள்

பிள்ளைக்குப் பெயர் வைப்பதென்றால் நாள் பார்க்கிறோம், நட்சத்திரம் பார்க்கிறோம், பெரியோரைக் கலந்துகொள்கிறோம். தொட்டியில் வளரும் செடிக்குப் பெயர் வைப்பதற்கு ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். விளையாட்டாகத் தொடங்கிய அக்காரியம் நம் இல்லத்தில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

நாம் வசிப்பது வங்காளத்துக் கரக்பூரில், ரயில்வே குடியிருப்பின் இரண்டாம் மாடியில். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கடைநிலை ஊழியராய்ச் சேர்ந்து, பின்னர் துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனோம். வீட்டின் முன்புறம் சிறியதொரு பால்கனி. அதில் நான்கு தொட்டிகள். இவ்வளவுதான் நமது நிலபுலம்.

சென்ற ஆண்டு ஆவணியில் நம் தந்தையார் காலமானார். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள சிற்றூரில் வீட்டைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு, அன்னையாரை அழைத்து வந்தோம். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் அவர் தம் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தது ஒரு கறிவேப்பிலைக் கன்று. கொல்லையில் தந்தையார் வைத்த மரத்தின் காலடியில் முளைத்தது அது. வேரை ஈரச் சாக்கில் சுற்றியிருந்தார். அதுவே நமது ஐந்தாம் தொட்டியாயிற்று.

வந்தவர் பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். நம் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. பள்ளியில் இந்தி, தெருவில் வங்காளி, வீட்டில் எல்லாம் கலந்த ஒன்று. அப்பாயி கேட்பது மகளுக்குப் பாதி புரியும். அவள் சொல்லும் பதில் அப்பாயிக்கு முக்காலும் புரியாது. ஒரே நிலையத்தில் எதிரெதிர் நடைமேடையில் நிற்பவர்களைப் போல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் மாலை, மகள் செடிக்கு நீர் வார்த்தபடி, “நயன்தாரா பூத்திருக்கிறது” என்றாள். நாம் நித்தியகல்யாணி என்று வழங்கும் செடிக்கு வங்காளத்தில் அதுவே பெயர். அன்னையார் திரும்பிப் பார்த்து, “சுடுகாட்டு மல்லிக்கா அம்மாம் பெரிய பேரு?” என்றார். பல வாரங்களுக்குப் பின் அவர் தாமாகப் பேசிய முதற் பேச்சு அது. மகளுக்குச் ‘சுடுகாடு’ விளங்கவில்லை. பொருள் கேட்டாள், அவர் விளக்கினார். அவள் முகத்தைச் சுளித்து, “இதற்கு நல்ல பேராய் நாமே வைப்போம் அப்பாயி” என்றாள். அன்று தொடங்கியது விளையாட்டு.

மணி பிளான்ட் என்னும் கொடிக்குப் பெயர் வைத்தவர் நம் இல்லாள். “வருஷம் நாலாச்சு, காசு ஒன்றும் வரக் காணோம். கவனித்தாலும் வளர்கிறது, கவனிக்காவிட்டாலும் வளர்கிறது. இதன் பேர் வட்டி” என்றார். கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை கட்டுகிற நாம் மறுத்துப் பேச இடமில்லாமற் போயிற்று. பிற்பகல் நான்கு மணிக்கு மேல் இதழ் விரிக்கும் அந்திமந்தாரைக்கு மகன் ‘இரண்டாம் ஷிப்ட்’ என்று பெயரிட்டான். கீழ்வீட்டு மாமா பட்டறைக்குப் புறப்படும் வேளையில் அது மலர்வதை அவன் கண்டுவைத்திருந்தான். நித்தியகல்யாணி ‘சிரிப்பு’ ஆயிற்று.

வாள் போல் நிமிர்ந்து நிற்கும் மற்றொரு செடியை ஆங்கிலத்தில் ‘மாமியார் நாக்கு’ என்பதுண்டு. இதனை நம் இல்லாள் அறிவார், ஆனால் சொல்வாரா? மகள் பள்ளியில் கேட்டு வந்து உரக்கச் சொல்லிவிட்டாள். வீடு ஒரு கணம் நிசப்தமாயிற்று. அன்னையார் எழுந்துபோய் அதன் இலையைத் தடவிப் பார்த்தார். “இது மருள் சாதியில்ல? நம்ம ஊருல நாரெடுத்துக் கயிறு திரிப்பாங்க. இதுக்குத் தண்ணி கொஞ்சமா ஊத்தணும், மிஞ்சினா அழுகிடும். நாக்கும் அப்படித்தான், அளவோட இருந்தா நிலைக்கும். அந்தப் பேரே இருக்கட்டும்” என்றார். அத்தையும் மருமகளும் சேர்ந்து சிரித்ததை நாம் அன்றுதான் கேட்டோம்.

எஞ்சியது கறிவேப்பிலை. மகள் வங்கிப் புத்தகம் ஒன்றில் தன் தாத்தாவின் பெயரைப் படித்திருந்தாள். ஒரு காலையில் கன்றுக்கு நீர் வார்த்து, அந்தப் பெயரைச் சொல்லியே அதனை அழைத்தாள்.

அன்னையார் தம் கணவரின் பெயரை வாழ்நாளில் ஒருமுறையும் உச்சரித்தவரல்லர். அரசாங்கத் தாளில் எழுத வேண்டி வந்தாலும், பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வார். நம் இல்லாள் பதறி, “பெரியவங்க பேரை இப்படிக் கூவலாமா?” என்று மகளைக் கடிந்துகொண்டார். குழந்தை அழுதது. அன்னையார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இதற்கு வழி என்னவென்று தெரியாமல், கறிவேப்பிலையைப் பற்றிக் கைபேசியில் தேடியும் நூலகத்தில் படித்தும் பார்த்தோம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், செடிகளை இரண்டு சொற்களில் அழைக்கும் முறையை 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார். கறிவேப்பிலையின் இரண்டாம் சொல் ‘கோனிகீ’. அது அவருடைய மாணாக்கர் கோனிக் என்பவரைக் குறிப்பது. அந்தக் கோனிக் யார்? டேனிஷ்காரர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராய் வந்து, நம் நாட்டுச் செடிகளை ஆராய்ந்து, 1785இல் இம்மண்ணிலேயே மறைந்தவர்! செடியின் முதற் சொல்லைப் பின்வந்தோர் மாற்றினர். இரண்டாம் சொல்லை விட்டுவிடவில்லை. நம் அன்னையார் சந்தைக்குப் போய்வந்த ஊரில் வாழ்ந்த ஒருவரின் பெயரையே உலகத்துக் கறிவேப்பிலையெல்லாம் தாங்கி நிற்கிறது.

இதனை இரவு உணவின்போது சொன்னோம். அன்னையார் சற்று யோசித்தார். “வைத்தியம் பார்க்க வந்த தொரை பேரை வைக்கலாம்னா, மரத்தை வச்சவங்க பேரை வைக்கக்கூடாதா? புள்ள வச்சது வச்சதுதான்” என்றார். ஆனால் அவர் வாயால் அப்பெயர் வராதல்லவா? மறுநாள் முதல், “உங்க தாத்தாவுக்குத் தண்ணி ஊத்துனியா?” என்று பேத்தியைக் கேட்கலானார். பேத்தியும் தமிழிலேயே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

தை மாதக் குளிரில் கன்றின் இலைகள் மஞ்சளித்து, ஒவ்வொன்றாய் உதிர்ந்து, குச்சி மட்டும் நின்றது. பெயர் வைத்ததன் விலையை அப்போதுதான் நாம் உணர்ந்தோம். பெயரில்லாச் செடி பட்டுப்போனால் தொட்டியைக் கவிழ்த்து வேறொன்று வைத்துவிடலாம். இதனை அவ்வாறு செய்ய இயலுமா? மகள் அப்பாயியின் முன்னால் வந்து நின்று, “தாத்தா மறுபடியும் செத்துப்போவாரா?” என்று கேட்டாள். நாம் வாயடைத்து நின்றோம்.

அன்னையார் அவள் கையைப் பிடித்துப் பால்கனிக்கு அழைத்துச் சென்றார். குச்சியின் பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. “உசிரு இருக்கு. குளிருக்கு உறங்குது. இப்ப நிறைய ஊத்தக்கூடாது, காத்திருக்கணும்” என்றார். காத்திருந்த நாட்களில், தாத்தா அந்த மரத்தை எப்போது வைத்தார், ஆட்டுக்குப் பயந்து எப்படி முள் கட்டினார், எந்தப் புயலில் கிளை ஒடிந்தது என்று ஒவ்வொரு மாலையும் கதை நடந்தது. நமக்கே தெரியாத செய்திகள் பல அவற்றில் இருந்தன. மகள் நடுநடுவே கேள்வி கேட்பாள். சொல் தெரியாத இடத்தில் அப்பாயியிடமே சொல்லைக் கேட்டுப் பெறுவாள்.

பங்குனியில் குச்சியின் கணுவில் செம்மை கலந்த துளிர் ஒன்று தோன்றியது. முதலில் கண்டவன் மகன். “தாத்தா எழுந்துட்டாங்க!” என்று அவன் கூவியதில் கீழ்வீட்டு வங்காளி அம்மையார் அஞ்சி மேலே ஓடிவந்துவிட்டார். அவருக்கு நிலைமையை விளக்குவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிற்று.

நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு என்றும், அந்திமந்தாரை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்றும் படித்தோம். பிழைக்க வந்த இடத்தில் அவரவர் நாவுக்கு இசைந்த பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. ஊர் விட்டு ஊர் வந்த நம்மவர் இல்லங்களிலும் சன்னலோரம் ஒரு தொட்டியாவது இருக்கும். பிள்ளைகளையும் முதியோரையும் பக்கத்தில் உட்காரவைத்து அதற்கொரு பெயர் கேட்டுப் பாருங்கள். சிரிப்பு வரும்; சில வேளை வேறும் வரும்.

கறிவேப்பிலையை இன்னும் கடையில்தான் வாங்குகிறோம். தொட்டியிலிருந்து பறிக்க அன்னையார் விடுவதில்லை. தந்தையாரின் ஆண்டுத் திதிக்கு மட்டும் ஒரு கொத்து கிள்ளிக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. அதையும் பேத்திதான் கேட்டு வாங்கித் தந்தாள்.