சிலிக்கோனா, உப்புநீரா?

1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண் மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க மருத்துவமனைக்குப் போனார். உலகின் முதல் சிலிக்கோன் மார்பக இம்பிளான்ட் அவருக்குத்தான் வைக்கப்பட்டது.

30 வருடம் கழித்து, 1992-ல், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அழகுக்காக சிலிக்கோன் வைப்பதை நிறுத்தியது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்கள் போன்றோருக்கு மட்டும், அதுவும் ஆய்வின் பேரில், கிடைத்தது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் உப்புநீர்தான். 2006-ல்தான் 22 வயது நிரம்பியவர்களுக்கு சிலிக்கோன் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

இரண்டுக்கும் மேலுறை சிலிக்கோன் ரப்பர்தான். உள்ளே இருப்பதுதான் வேறு. சிலிக்கோன் ஜெல் தொட்டால் சதை போலவே இருக்கும். உப்புநீர் வைத்தால், ஒல்லியானவர்களுக்குத் தோலின் மேல் சுருக்கம் தெரியலாம். அப்படியானால் எல்லோரும் சிலிக்கோனையே வைத்துக்கொள்ளலாமே?

அங்கேதான் சிக்கல். உப்புநீர்ப் பை கிழிந்தால் மார்பு சில நாளில் வற்றிவிடும், நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கோன் கிழிந்தால் பல நேரம் வெளியே ஒன்றுமே தெரியாது. அதனால்தான் 5, 6 வருடத்தில் ஒரு ஸ்கேன், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒரு முறை என்று 2020-ல் அதே துறை பரிந்துரைத்தது. ஆபரேஷன் செலவோடு அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டுமே ஆயுளுக்கும் நிற்பவை அல்ல. எது அழகு என்பதோடு, "கிழிந்தால் எனக்கு எப்படித் தெரியும்?" என்பதையும் ஒரு பெண் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.