குறைக்குத்தான் செலவு

விலை குறைந்த ஒரு பாட்டு செட்டுக்கு மேற்கொண்டு எவ்வளவு செலவழிக்கலாம்? இரண்டாயிரம் ரூபாய் செட்டில் நாலாயிரம் ரூபாய் ஸ்பீக்கரை மாட்டலாமா? திருவண்ணாமலை தேரடித் தெருப் பக்கம் ஒரு ரிப்பேர் கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை நிறைய யோசித்திருக்கிறேன். கையில் காசு தாராளமாக இல்லை, பாட்டு இல்லாமலும் இருக்க முடியாது என்கிற எல்லோருக்கும் வருகிற கேள்வி இது.

என்னிடம் இருப்பது அசெம்பிள் செட். 4440 ஐசி போட்ட போர்டு, ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், பிளைவுட் டப்பாவில் இரண்டு ஸ்பீக்கர். அந்த ஐசி ஜப்பானின் சான்யோ கம்பெனி கார் ஸ்டீரியோவுக்காகச் செய்தது. ஸ்டீரியோவாக ஓட்டினால் பக்கத்துக்கு 6 வாட். இரண்டையும் பிரிட்ஜ் செய்தால் 19 வாட். சென்னை ரிச்சி தெருவில் போர்டும் பார்ட்ஸும் வாங்கி வந்து, ஊர் ஊராக மெக்கானிக்குகள் ஈயம் வைத்துக் கட்டிக் கொடுத்த செட்டுகளில்தான் நம் டீக்கடைகளும் சலூன்களும் பாடின. திறந்து பார்க்கலாம், கெட்டதை மட்டும் மாற்றலாம் என்பது இந்த செட்டுகளின் பெரிய பலம்.

இன்னும் நல்ல ஆம்ப் வேண்டும் என்று போய் நின்றபோது கடைக்காரர் கேட்டார்: “சத்தம் பத்தலையா, சுத்தம் பத்தலையா சார்? அத மொதல்ல சொல்லுங்க.” இதற்குப் பதில் தெரியாமல் யாரும் பர்ஸைத் திறக்கக் கூடாது என்பது இப்போது என் உறுதியான கருத்து.

முதலில் சத்தம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று காது சொல்லும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். ஆனால் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு எழும் சத்தம், 87 டெசிபலாக உள்ள ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 90 டெசிபல் ஸ்பீக்கர் மாட்டினால், பழைய ஆம்பே இரட்டை வாட் ஆம்பின் சத்தத்தைத் தரும். டப்பாவின் மேல் ‘பி.எம்.பி.ஓ.’ என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் வாட் எல்லாம் விளம்பரம். பார்க்க வேண்டியது, ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்.

சுத்தம் என்று வந்தால், பாதி வேலைக்குக் காசே தேவையில்லை. கடைக்காரர் ஒரு பேனா பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் ஒயர்களின் முனையில் ஒரு நொடி தொட்டார். ஒரு ஸ்பீக்கரின் கோன் வெளியே துள்ளியது; அதே மாதிரி தொட்டதும் இன்னொன்று உள்ளே போனது. பிளஸ் மைனஸ் மாறியிருந்தது. இரண்டும் எதிரும் புதிருமாக அசைந்தால் ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும். பேஸ் காணாமல் போகும். ஒயரை மாற்றிப் போட்டதும் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொனி திரும்பி வந்தது. வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகரப்பு கன்ட்ரோலுக்குள் சேர்ந்த தூசி. கிளீனர் ஸ்பிரே போதும். விடாத ஹம்மிங்குக்குப் பல சமயம் வயதான கன்டென்சர்தான் காரணம். அதை மாற்றச் சில பத்து ரூபாய் ஆகும். டப்பாவைச் சுவர் மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால் குமுறல் குறையும்.

இதற்கு மேல் செலவழிக்கும் முன் அறையைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் ஃபேன் இல்லாமல் பாட்டுக் கேட்க முடியாது. வெளியே பஸ் ஹாரன். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம் விடிய விடிய நடக்கும். சிடியில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளிக்கு இடமுண்டு. அந்த மெல்லிய முனை முழுவதையும் என் ஃபேனே விழுங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட அறையில், நுணுக்கமான நிசப்தத்தைக் காப்பாற்றும் விலையுயர்ந்த கருவி யாருக்குப் பயன்படும்? ஜன்னலுக்குக் கனமான திரையும் வெறும் தரையில் ஒரு ஜமுக்காளமும் போட்டேன். எதிரொலி அடங்கிப் பாடகரின் சொற்கள் தெளிந்தன.

அடுத்தது, எந்தப் பாட்டுக்காக இந்தச் செலவு என்பது. இந்த ஊர்க்காரரான அருணகிரிநாதரின் கதை 1964இல் படமாக வந்தது; டி.எம். சௌந்தரராஜன் பாடியதோடு அந்த வேடத்தில் நடிக்கவும் செய்தார். அதில் அவர் பாடிய ‘முத்தைத்தரு’ திருப்புகழ்தான் நான் எந்த செட்டையும் சோதித்துப் பார்க்கும் பாட்டு. சந்தம் வேகமெடுக்கும் இடத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுந்தால் ஸ்பீக்கர் தேறிவிட்டது. அது மோனோ பதிவு. அந்தக் காலத் திரைப்பட ஒலித்தடத்தில் உச்சத் தொனிகள் குறைவு. இதற்குப் போய் விலை கூடிய ட்வீட்டர் வாங்கினால், பதிவில் இல்லாத ஒலியை அது எங்கிருந்து கொண்டு வரும்?

காதுக்கு ஒரு அளவுகோலும் வேண்டும். கார்த்திகை தீபத் திருவிழாவில் மாட வீதியில் சுவாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். தவில் அடி நெஞ்சில் வந்து இறங்கும். வீட்டு அறையில் அந்த அடியை முழுதாகத் தர லட்ச ரூபாய் செட்டும் திணறும். அதைத் தெரிந்துகொண்டவனைக் கடையில் எந்தப் பெயர்ப்பலகையும் ஏமாற்ற முடியாது. தன் செட்டில் எது குறைகிறது, எதைக் காசு கொடுத்தாலும் கொண்டுவர முடியாது என்பது அவனுக்குப் பிரித்துத் தெரியும்.

ஆகவே நான் வைத்திருக்கும் கணக்கு இது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டில், இந்த இடத்தில் இது சரியில்லை என்று என் வாயால் சொல்ல முடிகிற குறைக்கு மட்டும் காசு போடுவேன். சொல்லத் தெரியாத குறைக்கு ஒரு ரூபாயும் கிடையாது. ஆம்ப், போர்டு, ஒயர் எல்லாம் சேர்த்து மேற்கொண்டு ஆகிற செலவு, செட் வாங்கிய விலையைத் தாண்டக் கூடாது. ஸ்பீக்கருக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. ஏனென்றால் நல்ல ஸ்பீக்கர் இந்த ஆம்போடு போய்விடாது. அடுத்த ஆம்புக்கும் அதுவே பாடும். நாலாயிரம் ரூபாயைத் துணிந்து போடக்கூடிய இடம் அது ஒன்றுதான்.