அதுட பாட்டுல கிடந்து போகட்டும்

கிழக்கிலங்கையில், எங்கள் பக்கத்தில், வயது போன நாயை ஊசி போட்டு முடிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. "பாவம், அதுட பாட்டுல கிடந்து போகட்டும்" என்பார்கள். தம்பிலுவிலிலும் திருக்கோவிலிலும் கேட்டிருக்கிறேன். அக்கரைப்பற்றுக்குப் போனால் நாய்க்குப் பதில் பூனை, பேச்சு அதேதான். கேட்கும்போது இரக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வளவு மூலையில், மாமரத்தடியில், உரப்பையின்மேல் கிடக்கும் அந்த உயிரை மூன்றாம் நாள் போய்ப் பாருங்கள். ஒரே பக்கமாகக் கிடந்ததில் இடுப்பெலும்பு முட்டும் இடத்தில் தோல் உரிந்திருக்கும். வாலடியில் ஈ மொய்க்கும். தண்ணீர்ச் சட்டி இரண்டு முழம் தள்ளி இருக்கும், தலை எட்டாது. கொல்லவில்லை என்பது உண்மை. பார்க்கவுமில்லை.

கொல்லமாட்டேன் என்கிறவன் அந்த வாயாலேயே ஒரு வேலையையும் ஏற்றுக்கொள்கிறான். அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

எங்கள் ஜிம்மி சாதாரண ஊர் நாய். கடற்கரை மணலில் நண்டைத் துரத்தியே வளர்ந்தது. முதுமை வந்தபோது அது கத்தவில்லை, அழவில்லை. படியில் ஏறுமுன் ஒருமுறை நின்று யோசித்தது. எழும்பும்போது முன்காலை ஊன்றிப் பின்பக்கத்தை இழுத்தது. இரவில், வெயிலில்லாத நேரத்தில், மூச்சு வாங்கியது. வீட்டில் எல்லாரும் "கிழடாப் போச்சு, சோம்பல்" என்றோம். ஊரில் 'மாட்டு டொக்டர்' என்று அழைக்கப்படும் அரசாங்க மிருக வைத்தியர் வந்து பின்னங்காலை மெதுவாக மடக்கிப் பார்த்தார். ஜிம்மி திரும்பி அவர் கையை நக்கியது. "நோகுது, அதான் நக்குது" என்றார். மூட்டுத் தேய்வு. "இது இனி மாறுற வருத்தமில்ல சேர். நோகாம வச்சிருக்கிறதுதான் இனி வேலை."

இந்த வேலைக்கு மனித மருத்துவத்தில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று பெயர். 1967இல் சிசிலி சாண்டர்ஸ் இலண்டனில் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் இல்லம் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பு அதை ஏழைகளின் வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. பிராணிகளுக்கு இது பிந்தி வந்தது. நோயைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, வலியையும் பசியையும் அழுக்கையும் கவனிப்பது என்பதுதான் இதன் சாரம். இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், வீடு போதும். சொல்லப்போனால் வீடுதான் வேண்டும். வயது போன பிராணியை முச்சக்கரவண்டியில் ஏற்றி இறக்குவதே அதற்குப் பாதி வருத்தம்.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் எந்த நோவுக்கும் முதலில் கை போவது பனடோலுக்கு. பூனைக்கு அது நஞ்சு. அந்த மருந்தைப் பாதுகாப்பாக உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்குப் போதாது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழக்கும், முரசு மண்ணிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். ஐந்நூறு மில்லிகிராம் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு இபுபுரூபனோ டைக்குளோபினாக்கோ கொடுத்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் போகும். மனிதனுக்குப் பூசும் கற்பூரத் தைலங்களும் வேண்டாம், பூசிய இடத்தை அது நக்காமல் விடாது. பிராணிகளுக்கென்று வலி மருந்து இருக்கிறது. நிறை பார்த்து, சிறுநீரகத்தின் நிலை பார்த்து, வைத்தியர் சொல்லும் அளவில்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, நாங்கள் தின்ற மிச்சம். மீன் ஆணத்தில் கிடக்கும் வெங்காயம் நாய் பூனை இரண்டின் இரத்தத்தையும் கெடுக்கும். ஜிம்மிக்குச் சூடை மீனை வெறுமனே அவித்து, முள் எடுத்து, குழைந்த சோற்றோடு இளஞ்சூட்டில் வைத்தோம். சூடு இருந்தால் மணம் எழும்பும், மணம் எழும்பினால் மூக்கு மங்கிய கிழட்டு நாயும் தலை தூக்கும்.

செய்ய வேண்டியதில் பெரும்பகுதி காசில்லாத வேலை. சுனாமிக்குப் பிறகு எழும்பிய வீடுகளில் இப்போது மாபிள் தரை. பின்கால் சோர்ந்த நாய்க்கு அது சறுக்குப் பலகை. ஆகவே அது நடக்கும் பாதையில் மட்டும் சணல் சாக்கை விரித்தோம். எழும்ப முடியாமல் போனபோது என் பழைய சாரன் ஒன்று உதவியது. அதை நீளத்துக்கு மடித்து, வயிற்றுக்கடியால், பின்காலுக்குச் சற்று முன்னே விட்டு, இரண்டு முனையையும் மேலே பிடித்தால் இடுப்பின் பாரம் என் கைக்கு வந்துவிடும். முன்காலால் அது தானே நடக்கும். வேலியோரம்வரை போய், வழக்கமான பூவரச மரத்தடியில்தான் மூத்திரம் பெய்யும். படுத்த இடத்திலேயே பெய்ய அதற்கு மனமில்லை. பிராணிக்கு மானமில்லை என்கிறவர்கள் இப்படி ஒருநாள் சாரனைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்க்கலாம்.

படுக்கைக்கு உரப்பை ஆகாது. அது ஈரத்தைத் தேக்கி வைக்கும், வெக்கையையும் கிளப்பும். பழைய மெத்தைத் துண்டுக்குப் பொலித்தீன் சுற்றி, மேலே பழஞ்சேலை போட்டோம். சேலை நனைந்தால் மாற்றலாம். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது இடுப்பையும் முழங்கையையும் தடவிப் பார்க்க வேண்டும். முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தால் படுக்கைப்புண் வரப்போகிறது என்று அர்த்தம். கச்சான் அடிக்கும் மாதங்களில் நனைத்த துணியால் பாதத்தையும் வயிற்றையும் துடைத்துவிட வேண்டும். மாரி தொடங்கினால் வேறு கவலை.

அந்தக் கவலை புழு. நனைந்த முடியிலும் மூத்திரம் பட்ட தோலிலும் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். வெளியே தெரிவது சிறு துளை, உள்ளே ஒரு கைப்பிடி. ஊரில் உடனே பினைல் ஊற்றுவார்கள். புழுவும் சாகும், தசையும் வேகும், பூனையென்றால் அதுவே சாகவும் கூடும். வைத்தியர் வந்து மருந்து கொடுத்துப் புழுவை எடுக்க வேண்டும். அதைவிட நல்லது, வாலடி முடியைக் கட்டையாக வெட்டி, காலையும் மாலையும் இளஞ்சூட்டு நீரில் துடைத்து, ஈரம் ஒற்றி, பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்க வைப்பது.

கலிபோர்னியாவின் மிருக வைத்தியர் அலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஒரு அளவுகோல் வெளியிட்டார். வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடவா என்று ஏழு விடயம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்குள் புள்ளி. கூட்டினால் 35க்கு மேல் வந்தால் அந்த வாழ்க்கையைத் தொடரலாம் என்பது கணக்கு. அவர் பட்டியலில் சுத்தம் நாலாவது. எங்கள் ஊர் ஈயையும் மாரியையும் அறிந்தவன் அதை வலிக்கு அடுத்ததாக வைப்பான். நடமாட்டத்தை நான் கடைசியில் வைப்பேன். சாரன் பிடிக்க ஆளிருந்தால் நடக்க முடியாத நாயும் வாலாட்டிக்கொண்டு இருக்கும். மகிழ்ச்சிக்குப் புள்ளி போடுவதுதான் சிக்கல். குசினிக் கதவில் தொங்கும் கலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு வட்டம், கெட்ட நாளுக்கு ஒரு புள்ளடி என்று போட்டோம். நான் போட்ட வட்டங்களைப் பார்த்து மனைவி சொன்னா: "இது உங்களுக்கு நல்ல நாளா, அதுக்கு நல்ல நாளா?" அதன்பிறகு கலண்டர் அவவின் பொறுப்பு. வீட்டில் கண்ணீர் குறைந்த ஆள் யாரோ அவரிடம் பேனையைக் கொடுப்பது நல்லது.

அக்கரைப்பற்றில் என்னோடு படிப்பித்த, நான் 'காக்கா' (அண்ணன்) என்றழைக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவரின் வீட்டில் கிழட்டுப் பூனை ஒன்று. வயதான பூனைகளுக்குச் சிறுநீரக வருத்தம் மிகச் சாதாரணம். ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் பெய்யும், மெலிந்துகொண்டே போகும். வைத்தியர் சொல்லிக்கொடுத்தபடி அவர் மனைவி தானே அதற்குச் சேலைன் ஏற்றுகிறா. ஒருநாள் நேரில் பார்த்தேன். போத்தலை வெந்நீரில் வைத்துக் கைச்சூட்டுக்குக் கொண்டுவந்தா. பூனையைத் துவாயில் சுற்றி மடியில் வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி, தூக்கிய மடிப்பின் அடியில் ஊசியை ஏற்றினா. பூனை கண்ணை மூடியபடியே இருந்தது. தோலுக்கடியில் மாட்டுத் திமில் மாதிரி ஒன்று எழும்பியது. சில மணித்தியாலத்தில் அது வடிந்துவிடுமாம்.

"தாகிச்ச நாய்க்குத் தண்ணி குடுத்த ஆளுக்கு மன்னிப்புக் கிடைச்ச கதை உங்களுக்குத் தெரியும்தானே சேர்? கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பூனையால நரகத்துக்குப் போன பொம்புளட கதையும் இருக்கு" என்றார் காக்கா. அவர்கள் வீட்டுக்குள் நாய் வராது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஜிம்மி எப்படி என்று கேட்காமல் இருந்ததில்லை.

பூனையின் வலியை அறிவது நாயைவிடக் கஷ்டம். 2019இல் கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்தார் பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிட ஒரு முறை வகுத்தார்கள். காது பக்கவாட்டில் விரிந்திருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, வாயும் மூக்கும் உள்ள பகுதி இறுகியிருக்கிறதா, மீசை நேராக விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. சேலைன் ஏற்றும் அந்த உம்மாவுக்கு இந்தப் பட்டியல் தேவைப்படவில்லை. "மூஞ்ச பாத்தாத் தெரியும்" என்கிறா.

இனி, எல்லாரும் சொல்லத் தயங்கும் விடயம். வலி மருந்துக்கு அடங்காத இடம் ஒன்று வரலாம். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் காந்தி ஒரு கன்றுக்குட்டியை வைத்தியரைக் கொண்டு ஊசி போட்டு முடித்தார். முதலில் பராமரித்தார்கள். குணமாகாது என்று வைத்தியர் கைவிரித்த பிறகு, பக்கம் புரட்டக்கூட முடியாத வேதனையில் அது கிடந்தபோதுதான் அந்த முடிவு. அகிம்சை பேசியவர் கொன்றுவிட்டார் என்று கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் அதை மறைக்கவில்லை, தன் பத்திரிகையில் எழுதியே நியாயம் சொன்னார். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அதன் வரிசை. பராமரிப்பு முதலில், ஊசி கடைசியில். ஒருநாள்கூடப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்காதவன் ஊசியைப் பாவம் என்று சொல்வதிலும் அர்த்தமில்லை, ஊசியைக் கேட்பதிலும் அர்த்தமில்லை. ஜிம்மிக்கு ஊசி தேவைப்படவில்லை. வலி மருந்தோடும் சாரனோடும் அந்த மாரியைக் கடந்து, தை மாதத்தில் போனது. தேவைப்பட்டிருந்தால் சம்மதித்திருப்பேன். மனைவி சம்மதித்திருக்கமாட்டா. அந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

விசர்நாய்த் தடுப்பூசி போடும் நாளில் ஊரே நாய்களைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறது. ஊசி போட வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வயது போன நாயைக் கண்டால் நாலடி நடக்க விட்டுப் பாருங்கள், வலி மருந்துக்கு எங்கே போக வேண்டும் என்று வீட்டாருக்கு ஒரு சொல் சொல்லுங்கள். வீட்டாருக்கும் ஒன்று: மாரி தொடங்குமுன் வாலடி முடியை வெட்டிவிடுங்கள், தண்ணீர்ச் சட்டியை வாய்க்குக் கிட்ட நகர்த்தி வையுங்கள்.